கேசட் சிக்கிய இடம்

தூத்துக்குடிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு ஜூனியர் திருவேங்கடத்தைத் தெரியும். சூசைமாணிக்கத்தைத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

பெரிய பாடகர் திருவேங்கடம் மூச்சு விட்ட இடத்தில் இவர் மூச்சு விடுவார். அவர் செருமிய இடத்தில் செருமுவார். கூட்டம் "அச்சு அசல்!" என்று கத்தும். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் சொந்தக் கல்யாணப் பத்திரிகையிலேயே 'ஜூனியர் திருவேங்கடம்' என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருந்தது.

இப்போது, பழக்கப்பட்ட ஒரு ஆடியோ கம்பெனி பழைய பாட்டுகளை இவர் குரலில் ஆல்பமாக்க முன்வந்தது. அட்டையில் என் சொந்தப் பேரைப் போடுங்கள் என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார்.

"அச்சு அசலாப் பாடுறவருக்கு எதுக்குங்க தனிப் பேரு? ஒரு பாட்டாவது உங்க பாட்டா வரட்டும், போடுறேன். இன்னைக்குச் சாயங்காலத்தோட ரெக்கார்டிங் முடியுது."

சூசைமாணிக்கம் தன் குருவுக்குப் போன் செய்தார். குரு இவரைவிட வயதில் இளையவர். பெயர் முப்பிடாதி. நாட்டுப்புறப் பாடகி. பிறர் பாட்டுகளைப் பாடியே ஆல்பம் போட்டவர். அந்தப் பாட்டுகளை இன்று ஊரே முப்பிடாதி பாட்டு என்கிறது. எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் இவர் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

முப்பிடாதி வந்தார். ஸ்டுடியோ வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அடுத்தவுக பாட்டு எப்ப டீச்சர் நம்ம பாட்டாகும்?"

"எந்தப் பாட்டு பாடப் போறீய அண்ணாச்சி?"

"உப்பளத்துப் பாட்டு."

"பாடுங்க."

டீக்கடை என்றும் பாராமல் கண்ணை மூடிப் பாடினார். "கரையேறி வா மச்சான், கஞ்சி ஆறுது..." 'ஆறுது' என்ற இடத்தில் குரல் தொய்ந்து கீழே இறங்கியது. பிறகு தயங்கித் தயங்கி மேலே ஏறியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"அந்த இடத்துல குரல் ஏன் அப்படி இறங்குது?"

சூசைமாணிக்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "திருவேங்கடம் அய்யா அப்படித்தான் பாடியிருக்காவ. வேற எவனுக்கும் அது வராது டீச்சர். எனக்கு மட்டுந்தான் வந்துச்சு. அந்த இடத்துலதான் விசில் பறக்கும். பொம்பளையாளுக கண்ணைத் துடைச்சுக்கிடுவாவ."

முப்பிடாதி போனை எடுத்து, திருவேங்கடம் பாடிய மூலப் பாட்டைப் போட்டார்.

"கரையேறி வா மச்சான், கஞ்சி ஆறுது." கயிறு கட்டினாற்போல் நேராகப் போனது குரல். எங்கும் இறங்கவில்லை.

"இது வேற ரெக்கார்டு டீச்சர்."

"ஒரே ரெக்கார்டுதான் இருக்கு."

மறுபடி போட்டார். மறுபடியும் நேராகப் போனது. சூசைமாணிக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன அண்ணாச்சி?"

"எங்க வீட்டு கேசட்டு டீச்சர்." போனைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கப்பா உப்பளத்துல இருந்து வர லேட்டானா அம்மை அந்தப் பாட்டைத்தான் போடுவா. திருப்பித் திருப்பிப் போட்டு, ஒரு நாள் டேப் சிக்கிட்டு. பென்சிலை விட்டு நாந்தான் சுத்தி எடுத்தேன். அந்த இடம் இழுத்துட்டு. அதுக்குப் பிறகு எங்க வீட்டுல அது அப்படித்தான் பாடும். அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் நான் படிச்சேன்."

"சரி."

"என்ன சரி? இத்தனை வருசமும் ரிப்பேரையில்ல பாடியிருக்கேன்! இவன் அச்சு அசலாம்!" தலையில் அடித்துக்கொண்டார். "இப்பவே திருத்திப் பாடிருதேன்."

முப்பிடாதி டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"முதல் வரியில இருந்து பாடாதீய. உள்ள போயி, அந்த இழுத்த இடத்துல இருந்து ஆரம்பிங்க."

"அங்கன நான் பிடிச்சுக்கிடுததுக்கு ஒண்ணுமில்லையே டீச்சர்! திருவேங்கடம் அய்யாவோட குரலே அங்க இல்லையே!"

"அதனாலதான்."

உள்ளே போனார். கண்ணாடி அறையில் மைக் முன்னால் நின்று கண்ணை மூடினார். பிறகு 'ஆறுது' என்று தொடங்கினார்.

குரல் இறங்கியது. ஏறும்போது, வழக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும் திருவேங்கடத்தின் குரல் வரவில்லை. அடுத்த வரிக்கு எங்கே மூச்சு விடுவது என்று சூசைமாணிக்கத்துக்குத் தெரியவில்லை. தனக்கு மூச்சு முட்டிய இடத்தில் விட்டார். கஞ்சி ஆறிக்கொண்டே இருந்தது. அடுப்படி வாசலில் நின்று தெருவைப் பார்ப்பவளின் கோபமும் பயமும் ஒவ்வொரு வரியாக ஏறி வந்தன. கடைசியில் மச்சான் கரையேறியபோது வாத்தியக்காரர்கள் வாசிப்பை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அழிக்கக் கூடாது என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். வருஷக் கணக்காகப் பழகிய மனிதர், அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்.

"உங்க முழுப் பேரு என்னங்க?"

"சூசைமாணிக்கம்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஆல்பம் வெளிவந்தது. திருச்செந்தூர்ச் சாலையில் ஓடும் மினி பஸ்களில் எல்லாம் கஞ்சி ஆறியது. அதன்பின் திருவேங்கடத்தின் பழைய ரெக்கார்டைக் கேட்டவர்கள்கூட, "இதுல அந்த இடம் சரியா வரலையே" என்று குறைசொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்த கோயில் கொடையின்போது குருவும் சீடரும் கூட்டத்தில் நின்று ஒரு கச்சேரி கேட்டார்கள். மேடையில் நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். சூசைமாணிக்கத்துக்கே அண்ணன் வயதிருக்கும். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து உப்பளத்துப் பாட்டு! பாடுபவர், ஜூனியர் சூசைமாணிக்கம்!"

மீசைக்காரர் பாடினார். 'ஆறுது' என்ற இடத்தில் குரல் தொய்ந்து இறங்கி, தயங்கித் தயங்கி ஏறியது. விசில் பறந்தது. "அச்சு அசல்!" என்று கத்தினார்கள்.

சூசைமாணிக்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவின் பக்கம் குனிந்தார்.

"பாவம் டீச்சர். அது எங்க வீட்டு கேசட்டு சிக்கினதுன்னு போய்ச் சொல்லிருவமா?"

முப்பிடாதி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா இருங்க அண்ணாச்சி. அவரு கேசட்டு எங்கன சிக்குதுன்னு கேப்போம்."