கினிக்கோழிகளைக் கவிழ்த்து மூடிய நாள்

அன்று பண்ணையில் இருந்தவர்கள்: உழவு மாடு இரண்டு, வெள்ளாடு ஒன்று, சேவல் ஒன்று, கினிக்கோழி மூன்று, அடைக்கோழி ஒன்று. காட்டிலிருந்து வந்த விருந்தாளிகள்: மயில் ஒன்று, முயல் இரண்டு. இவர்களைத் தவிர, அடைக்கோழியின் வயிற்றடியில் முட்டை பன்னிரண்டு.

கோழி அவற்றைத் தினமும் மூன்று வேளை எண்ணும். அடை உட்கார்ந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் மூன்றே நாளில் ஓடு உடையும்.

அது உட்கார்ந்திருந்தது வைக்கோல் கொட்டகையின் மூலையில். கோடையில் காட்டு ஓடை வற்றியதும் வெள்ளாட்டுக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, விருந்தாளிகள் தங்கும் விடுதியாக்கிவிட்டது. தங்க வருகிறவர் ஆளுக்கொரு தழைக்கட்டு கொண்டுவர வேண்டும்.

விடியும்போதே தொல்லை ஆரம்பித்தது.

“யாரது, இந்நேரத்தில் கத்துவது?” என்றது மயில்.

“எங்கள் சேவல், ஐயா!”

“ஒன்பது மணிக்குக் கூவச் சொல்!”

வெள்ளாடு ஓடிப்போய்ச் சொன்னது. “ஒன்பது மணிக்குக் கூவி யாரை எழுப்புவது?” என்று கேட்டது சேவல்.

அடுத்து முயல்கள். “மாட்டுக் கழுத்து மணி காதைக் குடைகிறது!”

வெள்ளாடு மணிக்குள் வைக்கோலைத் திணித்தது.

கோழிக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தம்பி, இது பண்ணை. வேலை நடந்தால் சத்தம் வரத்தான் செய்யும். பண்ணையைப் பார்க்கத்தானே வந்தார்கள்?”

“பார்க்கத்தான் வந்தார்கள் அக்கா, கேட்க வரவில்லை!”

மதியம் கினிக்கோழிகளின் முறை வந்தது. மூன்றும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வரும். புல் அசைந்தாலே ஊரைக் கூட்டும். விருந்தாளிகளுக்குத் தூக்கம் கெட்டது. வெள்ளாடு ஒரு பெரிய பஞ்சாரத்தை உருட்டி வந்தது. கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை அது.

“வேண்டாம்! அவை கத்துவது பாம்பைக் கண்டு!” என்றது கோழி.

“ஒரு மதியம்தானே அக்கா! விருந்தாளி முகம் சுளித்தால் நாளைக்கு யார் வருவார்கள்?”

காலையிலிருந்து வாதாடி வாதாடிக் கோழி அலுத்துப்போயிருந்தது. “எப்படியோ போ!” என்று சொல்லிவிட்டது. அது செய்த தவறு அந்த ஒன்றுதான்.

பஞ்சாரம் கவிழ்ந்தது. பண்ணை அமைதியானது. அந்த அமைதியில் ஒரு சாரைப்பாம்பு வைக்கோலுக்கடியில் நெளிந்து வந்து, கோழியை முட்டித் தள்ளியது. ஒரு முட்டை போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

“பாம்பு! பாம்பு!”

“ஸ்… மெதுவாக! தூங்குகிறோம்!” என்றன முயல்கள், கண்ணைத் திறக்காமலே.

“மயில் ஐயா! நீங்கள்தானே பாம்பைக் கொத்துகிறவர்!”

மயில் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. “காட்டில் தினமும் எனக்கு அதுதான் வேலை. இங்கே ஓய்வுக்கு வந்திருக்கிறேன்!”

கோழி பாம்பின் வாலைக் கொத்திப் பார்த்தது. மூன்றாவது முட்டையும் போயிற்று. இனி இங்கே நின்று பயனில்லை என்று கோழி முற்றத்துக்கு ஓடியது.

“மாட்டண்ணே! பஞ்சாரத்தைத் தூக்கு!”

மாடு கொம்பால் ஒரு நெம்பு நெம்பியது. கினிக்கோழிகள் மூன்றும் அலறிக்கொண்டு கொட்டகைக்குள் பாய்ந்தன. அதற்குள் இன்னும் இரண்டை விழுங்கியிருந்த பாம்பு விழுந்தடித்து ஓடியது.

“இவ்வளவு சத்தமா! இந்தப் பக்கமே இனி வரமாட்டோம்!” என்று விருந்தாளிகளும் கிளம்பின. மூன்று தழைக்கட்டுகளையும் மறக்காமல் இழுத்துக்கொண்டு போயின.

“எத்தனை இருக்கிறது, அக்கா?” என்று மெல்லக் கேட்டது வெள்ளாடு.

கோழி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு முறை எண்ணியது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணியது.

வந்தவர் தூக்கம் கெடக் கூடாதென்று வீட்டுக் காவலை மூடி வைக்கிறவர்களுக்கு, பன்னிரண்டில் மிஞ்சுவது ஏழுதான்.