கேஸ்காரர் வந்த நேரம்

ஜப்பானில் தொயாமா என்கிற நகரம். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை பிற்பகலில் தணிகாசலம் தன் குருவைத் தேடி ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. முழங்கால் பனியில் யாரால் ஓட முடியும்?

குருவின் பெயர் மியோகன். ஜப்பானியப் பெண் துறவி. வயது முப்பத்தாறு, சீடரைவிட எட்டு வயது சின்னவர். திருவண்ணாமலையில் ஒன்பது வருஷம் இருந்தவர், அதனால் தமிழ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ரசத்தில் பெருங்காயம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அப்போது அவர் கோயில் முற்றத்தில் பனியை வாரி ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"நல்ல நேரம், கெட்ட நேரம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப முதல்ல உள்ளே வாங்க."

சோறும் சூப்பும் வைத்தார். இரண்டு வாய் உள்ளே போனதும் தணிகாசலம் விஷயத்தைக் கொட்ட ஆரம்பித்தார்.

அவருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் லேத் வேலை. நாலு மாசம் கம்பெனி விடுதியில் கிடந்தார். இப்போது ராணிப்பேட்டையிலிருந்து மனைவி கோமளாவும் ஏழு மாசக் குழந்தையும் வரப்போகிறார்கள் என்று தனி வீடு எடுத்திருக்கிறார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் குடியேறிவிடலாம் என்று நினைப்பவன் ஏமாளி. கரண்டு, தண்ணீர், கேஸ் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதிப்போட்டு வாங்க வேண்டும்.

கரண்டு சுலபம். போனில் பதிவு செய்துவிட்டு, சுவரிலிருக்கும் பெட்டியைத் திறந்து சுவிட்சை மேலே தூக்கினால் விளக்கு எரியும். தண்ணீரும் அப்படித்தான். குழாயைத் திறந்துவிட்டு, வீட்டில் வைத்திருக்கும் அட்டையில் பெயரெழுதித் தபாலில் போட்டால் போதும். கேஸ் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வராது. ஆபீஸிலிருந்து ஆள் வர வேண்டும். குடியிருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும். குழாயில் கசிவு பார்த்து, அடுப்பை எரியவிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். இன்ன நாள், இன்ன ரெண்டு மணி நேரத்துக்குள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

தணிகாசலத்துக்குச் சொன்னது புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு.

"புதன்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் ராகு காலம்மா. ஒண்ணரைக்கு மேல வருவார்னு நம்பிக்கிட்டு இருந்தேன். மனுஷன் பன்னெண்டு பத்துக்கே வந்துட்டார்."

"நல்லதாப் போச்சு."

"நான் கதவைத் திறக்கலைம்மா."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குரு நிறுத்தினார்.

"வீட்டுக்குள்ள இருந்துகிட்டேயா?"

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். மூச்சு விடலை. மூணு தடவை மணி அடிச்சார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஏழெட்டு நிமிஷம் நின்னிருப்பார். சரி, ரெண்டு மணி வரைக்கும்தான் நேரம் இருக்கே, பக்கத்து வீடெல்லாம் முடிச்சிட்டுத் திரும்ப வருவார்னு நினைச்சேன். ஒண்ணு முப்பத்தொண்ணுக்குத் திறந்து பார்த்தா தபால் பெட்டியில இந்தச் சீட்டுதான் இருக்கு."

குரு சீட்டை வாங்கிப் படித்தார்.

"'வந்தோம். தாங்கள் வெளியே சென்றிருந்தீர்கள் போலும். தொந்தரவுக்கு மன்னிக்கவும். மிசுனோ.'" சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிப்பு கேட்டிருக்கார்."

"வெக்கமா இருக்கும்மா."

"மறுபடி எப்ப வர்றாங்க?"

"ஆபீஸுக்குப் போன் பண்ணேன். இனி திங்கட்கிழமைதானாம். கோமளா நாளைக்குச் சாயங்காலம் குழந்தையோட வந்து இறங்கறா. குளிக்கிற தண்ணியும் கேஸ்லதான் சுடணும், ரூமைச் சூடாக்குற ஹீட்டரும் கேஸ்தான். ராணிப்பேட்டை வெயில்ல பொறந்த குழந்தைம்மா அது. நாலு நாள் இந்தக் குளிரைத் தாங்குமா?"

"இங்கே வந்து தங்கலாம். ஆனா இந்தக் கூடத்துக்கு உங்க வீட்டுக் குளிரே தேவலை."

அது உண்மை. அவர்கள் பேசும்போதே வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நாற்பத்து நாலு வயது ஆள், குழந்தை மாதிரி விசும்பி அழுதார். குரு அழவிட்டார்.

"மூத்தவன் ஒருத்தன் இருந்தான்மா," என்றார் பிறகு. "மூணு வயசு. வாலாஜாவில ஒரு வாடகை வீட்டுல இருந்தோம். காய்ச்சல்னு படுத்தான். மூணாம் நாள் போயிட்டான்."

"அந்த வீட்டுக்கு நேரம் பார்க்காமப் போனீங்களா?"

"பார்த்தோம்மா. ஜோசியர் குறிச்சுக் குடுத்த நேரம். நிமிஷம் பிசகாம பால் காய்ச்சினோம்."

குரு பாதியில் நிறுத்தியிருந்த தேநீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்கப்புறம் கோமளா ரொம்பப் பயந்துட்டா. அவ மனசு நோகக் கூடாதுன்னு அன்னைக்கிலேர்ந்து எல்லாத்துக்கும் நேரம் பார்க்கறேன். எண்ணெய் தேய்க்க, துணி எடுக்க, ஊருக்குக் கிளம்ப, எல்லாத்துக்கும். புது வீட்டுல முதல் அடுப்பை ராகு காலத்துல பத்த வெச்சுட்டு அவ மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

குரு சீட்டை மறுபடி வாங்கி, அதிலிருந்த எண்ணைப் பார்த்துப் போன் போட்டார். ஜப்பானிய மொழியில் நெடுநேரம் பேசினார். எதிரே ஆள் நிற்பதுபோல் போனைப் பார்த்து நாலைந்து தடவை குனிந்தார். இடையில் வேறு யாரோ லைனுக்கு வந்தார்கள். மறுபடியும் குனிந்தார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"சீட்டு எழுதின மிசுனோவே பேசினார். குழந்தை வருதுன்னு சொன்னேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு வர்றேங்கிறார். ரெண்டு மணிக்கு. அதை விட்டா அவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. வரணுமா வேண்டாமான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் சுருங்கியும் போனது.

"வியாழக்கிழமை ஒண்ணரைலேர்ந்து மூணு ராகு காலம்மா."

"ராகு உங்ககூடவே ஃப்ளைட் ஏறி வந்துட்டார் போல."

"கேலி பண்ணாதீங்கம்மா."

"சரி, பண்ணலை. பயம் உங்களுக்கா, கோமளாவுக்கா?"

"அவளுக்குத்தான். எனக்கென்ன?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இதை எப்படிம்மா கேக்கறது? பையன் பேச்சை நாங்க ரெண்டு பேரும் எடுக்கறதே இல்லை. எட்டு வருஷம் ஆச்சு."

"மணி நாலு. அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் குரு.

தணிகாசலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டார். முதல் மணியிலேயே கோமளா எடுத்துவிட்டாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க? பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். ஊறுகாய் பாட்டிலை விடுவானா மாட்டானா ஏர்போர்ட்ல?"

அவர் நடந்ததைச் சொன்னார். கதவைத் திறக்காததையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"கோமளா, நாளைக்கு ராகு காலத்துல அடுப்பைப் பத்த வெச்சா உனக்குப் பரவாயில்லையா?"

"எனக்கா? எனக்கென்னங்க வந்துது?"

"நீதானே பயப்படுவே."

"நானா?" என்றாள் கோமளா. "அவன் போனதிலேர்ந்து நீங்கதானே காலண்டரும் கையுமா இருக்கீங்க? வாசப்படி இறங்கணும்னாக்கூட அதைப் பார்த்துட்டுத்தானே இறங்கறீங்க? அதைப் பார்த்தாத்தான் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதுன்னு நானும் கூடவே பார்த்தேன். எனக்கு அது என்னைக்கோ விட்டுப் போச்சுங்க. எல்லாம் பார்த்துத்தானே அந்த வீட்டுக்குப் போனோம்?"

தணிகாசலம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"இப்ப இங்க மணி பன்னெண்டரை. ராகு காலம்தான். உங்க போனை எடுக்காம இருந்தேனா?"

குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பாப்பா எழுந்துட்டா. இங்க பாருங்க, அவளுக்குச் சுடுதண்ணி வேணும். ஆள் வந்தா கதவைத் திறங்க. வெச்சிடறேன்."

தணிகாசலம் போனை மடியில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கே வரச் சொல்லுங்கம்மா," என்றார்.

குரு போன் போட்டார். ஒரே நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. முடியும்போது ஒருமுறை குனிந்தார். தணிகாசலமும் என்ன நினைத்தாரோ, கூடவே குனிந்தார்.

"வர்றார்," என்றார் குரு.

இரண்டு பேரும் ஆறிய தேநீரைக் குடித்தார்கள். வெளியே பனி நின்றபாடில்லை. குரு வாரி ஒதுக்கிய இடமெல்லாம் மறுபடி மூடிக்கொண்டிருந்தது.

"அம்மா."

"ம்."

"அவளும் நம்பலை. நானும் அவளுக்காகத்தான் செஞ்சேன். அப்ப இந்த எட்டு வருஷமா யாருக்காகம்மா நேரம் பார்த்தோம்?"

மியோகன் எழுந்து கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்.

"அவங்க உங்களுக்காகப் பார்த்தாங்க. நீங்க அவங்களுக்காகப் பார்த்தீங்க. மணி அடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னவருக்காகத்தான் யாரும் பார்க்கலை."