சோளக்குருவி சும்மா பறந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, சோளக்குருவிகள் காரியமில்லாமல் இறக்கை விரித்ததில்லை. இரைக்காகப் பறக்கும். கவண்கல்லுக்குப் பயந்து பறக்கும். பருவம் மாறினால் நாடுவிட்டு நாடு பறக்கும். மற்ற நேரமெல்லாம் முள் அடர்ந்த உடைமரத்தில் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும்.

அவற்றின் சொந்த நாடு வடக்கே, பனிமலைகளுக்கு அப்பால். அங்கே குளிர் ஏறியதும் தெற்கே கரிசல் காட்டுக்கு வந்துவிடும். வரும்போது சோளம் பால் பிடித்து நிற்கும். காட்டுக்காரர்கள் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். ஒரு கதிரில் நாலு மணி கொத்துவதற்குள் கல் பறந்து வரும். எழும்பி அடுத்த காட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து அதற்கடுத்த காட்டுக்கு. இப்படித் துரத்தப்பட்டே குளிர்காலம் கழியும்.

ஒரு வருஷம் கரிசல் ஊர்களில் அம்மை கண்டது. செத்தவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். விதைத்த சோளம் அறுக்க ஆளில்லாமல் நின்றது. குருவிகள் வந்து இறங்கியபோது பரண்கள் காலியாகக் கிடந்தன. ஒரு கல் வரவில்லை, ஒரு கூச்சல் கேட்கவில்லை. முதல் நாள் பயந்து பயந்து தின்றன. மூன்றாம் நாள் பயம் போய்விட்டது. உடைமரத்தில் இருந்து கதிருக்கு ஒரு தாவல், கதிரில் இருந்து மரத்துக்கு ஒரு தாவல். அவ்வளவுதான் அவற்றின் பறப்பு. அங்கே யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு குருவியும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் காரி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய தம்பி செம்பன். தெற்கே வரும் வழியில் மணல்காட்டின் மேல் காரிக்கு இறக்கை சோர்ந்து போனபோது, மூன்று நாள் அவளுக்கு முன்னால் பறந்து எதிர்க்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அவளைக் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். அவன் பெண்டாட்டி வஞ்சி. அவர்களுக்கு அந்த வருஷம் பொரித்த ஒரே மகள், மின்னி.

வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காரி குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். கூப்பிடு தூரம்தான். பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஒரு பனைமட்டையில் உட்கார்ந்துதான் போக முடிந்தது. மட்டையில் இருந்தபடி தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். கொழுத்துத் தொங்கியது. வந்த வழி முழுவதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. இதே இறக்கையோடு திரும்பிப் போக வேண்டும்.

அன்று மாலையே உடைமரத்துக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நாளையில் இருந்து பொழுது சாயும்போது மரத்தில் இருந்து குளத்து மடை வரைக்கும் பறக்கணும். போக ஒண்ணு, வர ஒண்ணு. பத்துச் சுற்று. தவறினால் பங்குனியில் ஊர் திரும்பும்போது எல்லோரும் வழியிலேயே சாவோம்."

முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். காரி முன்னால் பறந்து சத்தமாக எண்ணினாள். பின்தங்கியவர்களைத் திட்டினாள். ஐந்தாவது சுற்றுக்கே பாதிப் பேர் மடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் உடம்பெல்லாம் வலி என்று இருபது பேர் வரவில்லை. ஒரு வாரத்தில் காரியும் வஞ்சியும், இன்னும் ஆறேழு பேரும்தான் மிச்சம்.

காரிக்கே அது கசந்தது. அதே மரம், அதே மடை, ஒன்று, இரண்டு, மூன்று. ஒருநாள் எதிர்க்காற்று என்று சொல்லி நிறுத்தினாள். நாளைக்குச் சேர்த்து இருபது சுற்றுப் போகலாம் என்று நினைத்தாள். மறுநாள் இருபதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது, போகவில்லை. நான்கு நாள் அப்படிப் போனது. பிறகு தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

செம்பன் ஒரு நாள்கூட வரவில்லை. கொழுத்த கதிர் ஒன்றில் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் மின்னி இருப்பாள்.

"என்ன தம்பி, உனக்குத் தனியாகச் சொல்லணுமா?"

"அக்கா, இரை தேடிப் பறக்கலாம். உயிருக்குப் பயந்து பறக்கலாம். சும்மா எதுக்குப் பறக்கணும்? நாள் வரும்போது இறக்கை தானாக எழும்பும். போன தடவை உன்னை இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தானே?"

காரி திரும்பி மடைப் பக்கம் பறந்தாள்.

தை பிறந்ததும் வல்லூறு வந்தது. கிழக்கே இருந்த பாறைக்குன்றில் தங்கிக்கொண்டு நாளுக்கு ஒரு தடவை வந்தது. அதற்கு வேகம்கூடத் தேவைப்படவில்லை. கதிரில் இருந்து எழும்ப முடியாமல் படபடக்கும் குருவி ஒன்றைக் கனிந்த பழம் பறிப்பதுபோல் பறித்துக்கொண்டு போகும். முதல் நாள் கூட்டமே அலறியது. பத்தாம் நாள், "வந்துவிட்டுப் போயாச்சு, இனி நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தின்னத் தொடங்கினார்கள். ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் தன் முறை வர நாளாகும் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் மாலை காரியும் வஞ்சியும் கூட இருந்த ஆறு பேரும் மடையில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது சுற்று. மேலே இருந்து வல்லூறு விழுந்தது. யார் சொன்னதும் இல்லை, யோசித்ததும் இல்லை. எட்டுப் பேரும் ஒட்டி நெருங்கி ஒரே வீச்சில் இடப்பக்கம் சாய்ந்தார்கள். வல்லூறு வெறுங்காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போனது. ஏறி மறுபடி வந்தது. எட்டுப் பேரும் வலப்பக்கம் சாய்ந்து, மேலே ஏறி, வளைந்து இறங்கினார்கள். பக்கத்தில் இருப்பவளின் இறக்கை சாய்ந்தால் தன் இறக்கை தானாகச் சாய்ந்தது. எண்ணிக்கை மறந்து போனது. களைப்பும் மறந்து போனது. வஞ்சி வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று தடவை தவறிய வல்லூறு அலுத்துப்போய் உடைமரத்துப் பக்கம் திரும்பியது. மரத்தில் இருந்தவர்கள் எழும்பப் பார்த்தார்கள். செம்பன் கிளையில் இருந்து ஒரு முழம் எழும்பி அப்படியே விழுந்தான். மின்னி இளையவள், உடம்பும் கனக்கவில்லை. அவள் நினைத்திருந்தால் பறந்திருக்கலாம். "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவனருகே இறங்கினாள். அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வஞ்சி மேலே இருந்து அதைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அடங்கி முடியவில்லை, அதற்குள் அது நடந்துவிட்டது.

அதன் பிறகு வஞ்சி பேசவில்லை. தின்னவும் இல்லை. செம்பன் எதிர்க்கிளையில் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு இருந்தான். அவள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இனி யாரும் பறக்க மாட்டார்கள் என்று காரியும் நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் பொழுது சாயும்போது வஞ்சி அவளிடம் வந்தாள்.

"மதினி, அன்றைக்கு வல்லூறு விழுந்தபோது எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்து திரும்பினோமே, அதேபோல் இன்னொரு தடவை திரும்புவோமா?"

காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிறாய். என்ன பேச்சு இது?"

"எனக்கு அந்தக் கிளையில் உட்கார முடியவில்லை மதினி. கண்ணை மூடினால் அவள் கூப்பிட்டது கேட்கிறது. அது கேட்காமல் நான் இருந்தது மேலே திரும்பின அந்த நேரம்தான்." வஞ்சி காரியை ஒட்டி உட்கார்ந்தாள். "இன்னொன்றும் சொல்கிறேன், என்னைத் திட்டாதீங்க. அது எனக்கு நன்றாக இருந்தது. சாவு துரத்தும்போதும் நன்றாக இருந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது."

இருவரும் எழும்பினார்கள். மடைக்குப் போகவில்லை, எண்ணவும் இல்லை. ஒருத்தி சாய்ந்தால் மற்றவள் சாய்ந்தாள். ஒருத்தி ஏறினால் மற்றவள் ஏறினாள். இருட்டும்வரை அப்படியே திரும்பித் திரும்பிப் பறந்தார்கள்.

மறுநாள் பழைய ஆறு பேரும் வந்தார்கள். அதற்கு மறுநாள் கூப்பிடாமலே முப்பது பேர் வந்தார்கள். முப்பது பேர் ஒன்றாகத் திரும்பும்போது ஒரு சத்தம் வரும், கனத்த துணியை உதறுவதுபோல. அந்தச் சத்தம் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள். களைத்தவர்கள் ஓரமாக ஒதுங்கி மரத்தில் இறங்கிக்கொண்டார்கள். நேற்று ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. காரி திட்டுவதை விட்டாள். திட்ட அவளுக்கு நேரமும் இல்லை. பக்கத்தில் இருப்பவளின் இறக்கையைப் பார்ப்பதற்கே கண் போதவில்லை. மாசி முடிவதற்குள் கூட்டத்தில் பாதி மாலையில் ஆகாயத்தில் இருந்தது. வல்லூறு வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திகைத்து, மரத்தில் இருந்த மறுபாதியிடம் போனது.

செம்பன் மட்டும் வரவில்லை. எழும்பி விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள் என்ற வெட்கம் அவனைக் கிளையோடு கட்டிப் போட்டிருந்தது. கடைசியில் ஒருநாள் வஞ்சிதான் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மின்னி போன பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஓரமாக வாங்க. அரைத் திருப்பம் போதும். முடியவில்லை என்றால் இறங்கிக்கொள்ளுங்க."

வந்தான். அரைத் திருப்பம் திரும்பி, மூச்சிரைக்க இறங்கினான். மறுநாள் ஒரு திருப்பம். நான்காம் நாள் மூன்று. கிளைக்குத் திரும்பியவன், "அக்கா, இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் வந்திருப்பேனே" என்றான். காரிக்கு அழுகை வந்தது. அவளுக்கு முதலில் இது தெரியாதே.

எட்டு நாள்தான் அவனுக்குக் கிடைத்தது. ஒன்பதாம் நாள் காற்று திசை மாறியது. வெயில் ஏறிச் சோளமெல்லாம் உதிர்ந்து மண்ணாகிவிட்டது. இனி இருக்க முடியாது. காலையில் கூட்டம் கிளம்பியது. மரத்தைவிட்டு எழும்ப முடியாதவர்கள் மரத்திலேயே இருந்தார்கள். "நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம்" என்றார்கள். வல்லூறு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாளே சிலர் விழுந்தார்கள். இரண்டாம் நாள் மலை தாண்டும்போது இன்னும் பலர். இந்தத் தடவை காரி முன்னால் பறந்து தம்பிக்காக எதிர்க்காற்றைத் தன்மேல் வாங்கினாள். வஞ்சி பக்கத்தில் பறந்தாள். மூன்றாம் நாள் மாலை, வற்றிய ஆறு ஒன்றின் கரையில் கூட்டம் இறங்கியது. செம்பன் கரை மரத்துக்கு வந்து சேரவில்லை. நடு ஆற்று மணலில் விழுந்து கிடந்தான். ஒரு இறக்கை மடங்காமல் விரிந்தே கிடந்தது.

இருவரும் அவனருகே இறங்கினார்கள். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு கேட்டான்.

"இன்றைக்கு மேலே போய்த் திரும்பவில்லையா?"

"நாள் முழுக்கப் பறந்து வந்திருக்கிறோம்" என்றாள் காரி. "இனி எதுக்கு? இருக்கிற பலத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளணும்."

"அது வேறே, இது வேறே அக்கா" என்றான் செம்பன். "அது ஊருக்குப் போறது."

காரி வஞ்சியைப் பார்த்தாள். கரை மரத்தில் கூட்டம் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் பாதி வழி இருந்தது. மணல்காடு இனிமேல்தான். இப்போது பறந்தால் நாளைக்கு யார் விழுவார்கள் என்று சொல்ல முடியாது. அது தெரிந்தும் காரி எழும்பினாள்.

அவள் தனியாக ஒரு திருப்பம் திரும்பினாள். மரத்தில் இருந்து ஒருத்தி எழும்பி அவளோடு சேர்ந்தாள். பிறகு பத்துப் பேர். பிறகு மரமே காலியாயிற்று. ஆற்றின் மேலே கூட்டம் சாய்ந்தது, ஏறியது, பிரிந்தது, மறுபடி கூடியது. மணலில் வஞ்சி தன் புருஷனை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு திருப்பத்துக்கு அவனுடைய விரிந்த இறக்கையும் லேசாகச் சாய்ந்தது என்று வஞ்சி பிறகு சொன்னாள். இருட்டுவதற்குள் அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை அவனை மணலில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மணல்காட்டில் யாரும் விழவில்லை.

அடுத்த குளிருக்குக் கரிசல் காட்டுக்குத் திரும்பி வந்தபோது, பின்னால் வருகிறோம் என்று சொன்னவர்களில் ஒருவரும் இல்லை. உடைமரத்தின் அடியில் வெளுத்துப்போன இறகுகள் கிடந்தன. வந்த களைப்பில் எல்லோரும் கிளைகளில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தது. வஞ்சிதான் முதலில் எழும்பினாள்.

சோளக்குருவிகள் எத்தனை தூரம் பறந்து வந்திருந்தாலும், வயிறு நிறைந்திருந்தாலும், அடையப் போகுமுன் ஆகாயத்தில் கூட்டமாகச் சாய்ந்து, ஏறி, வளைந்து சும்மா பறந்துவிட்டுத்தான் மரத்தில் இறங்குகின்றன. அந்த வழக்கம் அவற்றுக்கு வந்தது அந்த வருஷத்தில் இருந்துதான்.