எல்லை வரைக்குமான டிக்கெட்

ஒரு கைப்பேசிக்குள் இரண்டு ரயில் டிக்கெட்டுகள் இருந்தன. ஒரே பிற்பகலில் பிறந்தவை, ஒரே பெயரைத் தாங்கியவை. ஆனாலும் ஒன்றுக்கு மற்றது யாரென்று தெரியாது.

அந்தப் பெயர் தவமலருடையது. ஐரோப்பாவின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில், குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் அவள் வேலை செய்தாள். அவளுடைய அக்கா நாகபூசணி தெற்கே, வேறொரு நாட்டில், தனியாக இருந்தாள். அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. அதை மாற்ற வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு தடவை தங்கையைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. பிறகு பார்க்கக் கிடைக்காமலும் போகலாம் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் தவமலருக்கு அது கேட்டது.

தவமலருக்குக் காதில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தது. கொஞ்ச காலத்துக்கு விமானம் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மிஞ்சியது ரயில்தான்.

தான் இருக்கும் நாட்டின் ரயில் இணையதளத்தில் புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் போட்டாள். ரயில்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், 'இந்தப் பயணத்தை இணையத்தில் விற்க முடியாது' என்றது தளம். ஏன் என்று சொல்லவில்லை. அக்காவின் நாட்டுத் தளத்துக்குப் போனாள். அங்கே தவமலரின் ஊர் இருந்ததாகவே தெரியவில்லை. அந்தத் தளத்துக்கு உலகமே எல்லை நகரத்தில்தான் தொடங்கியது. மூன்றாவதாக ஒரு தளம் முழுப் பயணத்தையும் காட்டி, பெயர், பிறந்த தேதி எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு நேரம் முடிந்துவிட்டது என்றது.

கடைசியில் அவள் பயணத்தை இரண்டு துண்டாக வாங்கினாள். எல்லை நகரம் வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து அக்காவின் ஊர் வரை இன்னொரு டிக்கெட்.

அன்று மாலை அக்கா அழைத்தாள்.

"ரிக்கற் எடுத்திட்டியோ?"

"ஓம் அக்கா. ரெண்டா எடுத்திருக்கிறன்."

"ஏன் ரெண்டு? ஒண்டா எடுக்க ஏலாதோ?"

"ஒருத்தரும் ஒண்டாத் தரேல்லை."

"நடுவில மாறி ஏற நேரம் காணுமோ?"

"காணும். முக்கால் மணித்தியாலம் கிடக்கு."

"முதல் ரெயின் பிந்தினா?" என்றாள் அக்கா.

"பிந்தாது அக்கா. நீங்கள் அதுகளை யோசிக்காதேங்கோ."

அழைப்பு முடிந்தது. கைப்பேசிக்குள் இரண்டாம் டிக்கெட்டுக்கு நிலைகொள்ளவில்லை. அதன் நெற்றியில் 'இந்த ரயிலுக்கு மட்டும் செல்லும். மாற்ற முடியாது' என்று எழுதியிருந்தது. பிறந்ததிலிருந்து அது வேறொன்றையும் படித்ததில்லை.

அது முதல் டிக்கெட்டைக் கூப்பிட்டது. "நீ அவளை எதுவரை கூட்டி வருவாய்?"

"எல்லை நகரம் வரை."

"நேரத்துக்கு வந்துவிடுவாயா?"

"கொண்டுவந்து விடுவேன். எப்போது என்பது ரயிலைப் பொறுத்தது."

"நீ பிந்தினால் நான் செல்லாத டிக்கெட் ஆகிவிடுவேன்."

"அது உன் பாடு," என்றது முதல் டிக்கெட். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னது. "எனக்கு உன்னைத் தெரியாது. உன்னை விற்றவர்களையும் தெரியாது. எல்லை வரைக்கும் என் பொறுப்பு."

"நம் இருவருக்கும் நடுவில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரம் யாருடையது?"

முதல் டிக்கெட் யோசித்துப் பார்த்தது. "யாருடையதும் இல்லை," என்றது.

இரண்டாம் டிக்கெட் கைப்பேசியைப் பார்த்தது. "நீயாவது சொல். நீதானே எங்கள் இருவரையும் வைத்திருக்கிறாய்?"

"வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்," என்றது கைப்பேசி.

வியாழக்கிழமை தவமலர் புறப்பட்டாள். முதல் டிக்கெட்டைப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். "என் வேலை முடிந்தது," என்று அது சுருண்டு படுத்துக்கொண்டது.

நண்பகலுக்குப் பிறகு ரயில் வேகம் குறைந்து, ஒரு கோதுமை வயலின் நடுவே நின்றது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் யாரும் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: முன்னால் சிக்னல் பழுது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அறிவிப்பும் வரவில்லை.

தவமலர் இரண்டாம் டிக்கெட்டைத் திறந்து, அதில் இருந்த புறப்படும் நேரத்தைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவள் விரல் கண்ணாடியில் ஈரமாகப் பதிந்தது.

"அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்," என்றது இரண்டாம் டிக்கெட். "நான் என்ன செய்வேன்? நகர்வது என் கையில் இல்லையே."

முதல் டிக்கெட் சுருண்டபடியே கிடந்தது.

இறங்கியதும் ஓட வேண்டியிருக்கும், ஓடும்போது கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது, இரண்டாம் டிக்கெட் மட்டும் மேலே நிற்கட்டும் என்று தவமலர் நினைத்தாள். முடிந்துபோன டிக்கெட் எதற்கு? அவள் முதல் டிக்கெட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள்.

"நீக்கவா?" என்று கேட்டது கைப்பேசி.

"நீக்கட்டும்," என்றது முதல் டிக்கெட். "முடிந்தவன்தானே."

"வேண்டாம்," என்றது இரண்டாம் டிக்கெட். "உனக்கு நான் யாரோதான். இருந்தாலும் இதற்குள் தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருக்கிறது."

அந்த நேரத்தில் அக்காவின் அழைப்பு வந்தது. கைப்பேசி தன் கேள்வியைக் கீழே வைத்துவிட்டு அழைப்பைக் கொடுத்தது.

"எங்க நிக்கிறாய், மலர்?"

"வயலுக்க நிக்குது அக்கா. இப்ப எடுத்திடும்."

"என்னை வார்ட்டில விட்டிட்டினம். ஆறு மணிக்குப் பிறகு ஆக்களை உள்ள விடமாட்டினமாம்."

"அதுக்கு முன்னம் வந்திடுவன்."

அக்காவின் மூச்சு இரைத்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அவள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். தவமலர் கைப்பேசியை மடியில் வைத்தாள். நீக்குகிற நினைப்பு அவளுக்கு மறந்தே போயிற்று.

பரிசோதகர் மீண்டும் அந்தப் பக்கம் வந்தார். தவமலர் எழுந்து, தனக்குத் தெரிந்த அந்த நாட்டு மொழியில் கேட்டாள். "நான் மாறி ஏற வேண்டிய ரயில் போய்விடும். என்ன செய்வது?"

அவர் இரண்டாம் டிக்கெட்டைப் பார்த்தார். "இது வேறு டிக்கெட். எங்களுக்குச் சம்பந்தமில்லை. எல்லை நகரம் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு."

சொல்லிவிட்டு நடந்தார். முதல் டிக்கெட் படுத்தபடியே அதைக் கேட்டது. அது தானே சொன்ன சொல்தான். தான் சொன்னபோது அதில் தவறொன்றும் தெரியவில்லை. இப்போது, இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டபோது, அதற்குச் சகிக்கவில்லை.

தவமலர் அவர் பின்னாலேயே போனாள். பெட்டியின் கடைசியில் அவரைப் பிடித்தாள். "என் அக்காவுக்கு நாளை காலை இதயத்தில் அறுவைச் சிகிச்சை. எனக்கு வேறொன்றும் வேண்டாம். ரயில் பிந்தியது என்றாவது எழுதித் தாருங்கள். நான் பிந்தவில்லை என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை."

அவர் நின்றார். அவளை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். பிறகு முதல் டிக்கெட்டை வாங்கி, தன் கருவியைக் காட்டி, எதையோ தட்டினார். டிக்கெட்டின் மேல் புதிதாக ஒரு வரி ஏறியது.

"அங்கே இதை ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது," என்றார். "காட்டிப் பாருங்கள்."

"என் மேல் என்ன எழுதினார்?" என்று முதல் டிக்கெட் கைப்பேசியைக் கேட்டது.

"இந்த ரயில் தாமதமாகிவிட்டது என்று."

முதல் டிக்கெட்டுக்கு அதன் பிறகு படுக்க முடியவில்லை.

எல்லை நகரத்தில் தவமலர் இறங்கியபோது, இரண்டாம் டிக்கெட்டின் ரயில் போய்விட்டிருந்தது. அது நின்றிருந்த நடைமேடையில் ஒருவர் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். தவமலர் கொஞ்ச நேரம் வெற்றுத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள். கைப்பேசிக்குள் இரண்டாம் டிக்கெட் வெளிறிப்போயிற்று. அது அழவில்லை. அழ அதற்குத் தெம்பில்லை.

டிக்கெட் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருந்தாள். இரண்டாம் டிக்கெட்டை வாங்கிக் கருவியில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது போன ரயிலுக்கானது. இனிச் செல்லாது."

"நான் வந்த ரயில் பிந்திவிட்டது."

"அது எங்கள் ரயில் இல்லையே, அம்மா."

தவமலர் கைப்பேசியை வாங்கி, முதல் டிக்கெட்டைத் திறந்து, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

முதல் டிக்கெட் தன் வாழ்நாளில் இப்படி ஒரு இடத்தில் நின்றதில்லை. இந்த அலுவலகம் அதற்கு அந்நியம். இந்தப் பெண் அதை ஒரு பார்வையில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளினால் தவமலர் இன்று அக்காவைப் பார்க்க மாட்டாள். நாளை என்ன ஆகுமோ. உடம்பெல்லாம் கூச, அது சொன்னது: "பிந்தியது நான். இவள் பிந்தவில்லை. இந்த இன்னொரு டிக்கெட்டும் பிந்தவில்லை."

டிக்கெட் பேசியது அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது. அவள் அந்த வரியைப் படித்தாள். யாரையோ தொலைபேசியில் கேட்டாள். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். தவமலர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள்," என்றாள் அந்தப் பெண். "இருக்கை இல்லை. உள்ளே வரும் பரிசோதகர் மறுத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டால் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டாதீர்கள்."

அடுத்த ரயில் எல்லையைக் கடந்தது. தவமலர் கதவருகே, தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவை பெட்டிக் கதவு திறந்தபோதும் அவள் பாதி எழுந்தாள்.

உள்ளே இரண்டு டிக்கெட்டுகளும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று நின்றன.

"எல்லை தாண்டிவிட்டது," என்றது இரண்டாம் டிக்கெட். "உன் பொறுப்பு முடிந்து எவ்வளவோ நேரமாகிறது. ஏன் இன்னும் நிற்கிறாய்?"

"இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று பார்க்கிறேன்."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கிறது?"

"பயமாக இருக்கிறது," என்றது முதல் டிக்கெட். "இவ்வளவு நாள் எனக்கு இது தெரியாது. நீ இதை வைத்துக்கொண்டா அத்தனை நாளும் இருந்தாய்?"

இரண்டாம் டிக்கெட் அதன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

பரிசோதகர் வந்தார். வயதான பெண். தன் கருவியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். முதல் டிக்கெட்டைப் பார்த்தாள், அதன் மேல் ஏறிய வரியைப் பார்த்தாள், பையின் மேல் குந்தியிருந்த தவமலரைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

தவமலர் மருத்துவமனைக்கு வந்தபோது ஆறு மணி கடந்திருந்தது. வார்ட்டுத் தாதி அவளையும் அவள் பையையும் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த மாலையில் அது யாருக்கும் தெரியாது.

நாகபூசணி தலையணையில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமலர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். இருவர் கைகளும் குளிர்ந்திருந்தன.

"பயந்திட்டியோ?" என்றாள் அக்கா.

"ஓம் அக்கா. வழி முழுக்க."

"காலமையில இருந்து ஒவ்வொருத்தரா வருகினம், மலர். மயக்க மருந்துக்கு ஒருத்தர், ரத்தத்துக்கு ஒருத்தர், வெட்டுறதுக்கு ஒருத்தர். எல்லாரும் பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத் தங்கட வேலைக்குப் போயிட்டினம்." அக்கா மூச்சு வாங்கினாள். "எனக்காகப் பயந்துகொண்டு வந்தது நீ மட்டும்தான்."

அதைச் சொல்லிவிட்டு, அவள் கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.