ஐயா நட்டது

மாநகராட்சிப் பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவள் முத்துப்பேச்சி. போன வருஷம் மண்டலத் தலைவர் போட்டோவுக்காக நட்ட வேப்பங்கன்று ஒரே மாதத்தில் பட்டுப்போயிருந்தது. அது தெரியாத தலைவரோ, "நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருது. நான் நட்டதை நீ காட்டணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "ஏம்மா, எங்க என் மரம்?" என்று அதட்டினார் தலைவர்.

முத்துப்பேச்சி மண்வெட்டியை எடுத்து, வெறும் மண்ணாய்க் கிடந்த இடத்தைத் தோண்டினாள். கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்று வந்தது. உதறி நீட்டினாள்.

"நீங்க நட்டது இதுதாங்கய்யா. கவரைக் கிழிக்காம வச்சீங்க. வேர் இறங்க வழியில்லாம செடி செத்துப்போச்சு. ஆனா கவரைப் பாருங்க, ஒரு பொட்டு கெடல! இன்னும் நூறு வருஷத்துக்கு உங்க பேரைச் சொல்லும்."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. போட்டோ எடுக்க வந்தவரின் கேமரா வேறு பார்த்துக்கொண்டிருந்தது. அவசரமாக அவளிடம் ஒரு புதுக் கன்றை வாங்கி, குழியில் வைக்கக் குனிந்தார்.

அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சார், கவரு!"