அதிகாரி வீட்டுச் சாட்சி

தாளவாடி மலைக்கு வந்த வன அதிகாரி துரைவேலனுக்குக் காடு என்றால் பச்சை; பச்சை என்றால் பதவி உயர்வு. செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடிவிட்டது என்று ஊரெல்லாம் மாலை வாங்கினார். கூடியிருந்ததோ புல்லை அமுக்கி வளரும், மாடுகூடத் தின்னாத உண்ணிச்செடிப் புதர்.

கோடைக்கு முன்னால் சருகுக்குச் சின்னதாய்த் தீ வைத்து அந்தப் புதரை அடக்குவது அம்மலைப் பழங்குடியான சோளகர் வழக்கம். அதை அவர் தடுத்திருந்தார். ஆராய்ச்சிக்காரி ரெஹானாவும் சோளகப் பெண் கேத்தியும் மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஒரு துண்டு நிலத்தில் மட்டும் தீ வைத்து, வேலி போட்டு, முளைத்த புல்லை அளந்தார்கள். வழக்கத்தைத் திரும்ப அனுமதிக்கலாமா என்று பார்க்க அந்த நிலத்துக்கு மேலிடத்துக் குழு வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே கட்சி," என்றார் துரைவேலன். "என் பக்கத்துச் சாட்சி ஒண்ணு கொண்டு வரட்டும், ஒத்துக்கறேன்."

அவருடைய ஊழியர்கள் சிரித்தார்கள். அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

"சரிங்க ஐயா," என்று போன கேத்தி, அவர் பங்களாவுக்குப் பால் தரும் பசுவை ஓட்டி வந்தாள். "ஐயா வீட்டு உப்பைத் தின்னுறதுங்க. கேட்டுப் பாருங்க."

அவிழ்த்துவிட்டதும் பசு அதிகாரியின் பச்சையை மோந்து தும்மியது. பிறகு வேலியோரமாய் நடந்து, பின்பக்கத்து இடுக்கில் நுழைந்து உள்ளே புல்லை மேய ஆரம்பித்தது.

"இடுக்கு இருக்கறது மாட்டுக்கு எப்படித் தெரியும்?" என்றார் குழுத் தலைவர்.

"அளக்கும்போதெல்லாம் அந்த மூலையில புல்லு குறையுது சார்," என்றாள் ரெஹானா. "இப்பத்தான் காரணம் தெரியுது."

கேத்தி கைகட்டிச் சொன்னாள்: "ஐயா தினமும் குடிக்கிற காப்பியிலயே எங்க தீ இருக்குதுங்க."

குழு அங்கேயே அனுமதி எழுதியது. பங்களாவிலிருந்து எல்லோருக்கும் காப்பி வந்தது. துரைவேலன் மட்டும் தொடவில்லை.