பட்டம் கட்டிய வருஷத்துப் பிள்ளைகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பொன்னாறு பாயும் தேசத்தை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், இரண்டு காதையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் காதுகள் அதிகமும் பெரிய கணக்கர் குபேரலிங்கத்தின் கையில்தான் இருந்தன.

ராஜாவுக்குப் பட்டம் கட்டி ஏழு வருஷம் நிறைந்த அன்று குபேரலிங்கம் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! தேசம் முழுக்க ஆள் அனுப்பி விசாரித்தேன். ஏழை என்று ஒருவர்கூட இல்லை. வேலை இல்லாதவரும் இல்லை. கரட்டுச்சீமையில்கூட எல்லார் கையிலும் மண்வெட்டி!"

கரட்டுச்சீமை வடக்கே இருக்கும் கல்லுப் பூமி. மழை பெய்தால் அதிசயம். ஊருக்கு ஊர் அரண்மனைக் கஞ்சித்தொட்டி வைத்துத்தான் அங்கே சனங்கள் பிழைத்திருந்தார்கள்.

"அப்படியானால் கஞ்சித்தொட்டிகளை மூடிவிட்டு, அந்தச் செலவில் கண்ணாடி மண்டபம் கட்டலாமே!" என்று ராஜா குதூகலித்தார்.

மந்திரி சோலையப்பர் சட்டென்று எழுந்தார். "கணக்கரே, எப்படி விசாரித்தீர்கள்?"

"என் ஆட்கள் குதிரையில் போனார்கள். பக்கத்தில் ஈட்டிக்காரர்கள். 'ராஜா ஆட்சியில் குறை உண்டா?' என்று கேட்டார்கள். எல்லாரும் இல்லை என்றார்கள்."

"ஈட்டியைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். மண்வெட்டி?"

"காலையில் கொடுத்தோம். குழி வெட்டினார்கள். எண்ணிக்கொண்டோம்."

"சாயங்காலம்?"

"குழியை மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அரண்மனைச் சொத்தை விட்டுவிட்டு வர முடியுமா?"

சபை கொல்லென்று சிரித்தது. குபேரலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"மகாராஜா, மந்திரிக்குப் பொறாமை! ஏழ்மை இருந்தால் காட்டட்டும். ஒரு சோம்பேறியைக் கொண்டுவந்து நிறுத்தினால் செல்லாது, சீமை முழுக்கக் காட்ட வேண்டும். யாரிடமும் 'நீ ஏழையா' என்று கேட்கவும் கூடாது. கேட்டால் கஞ்சி ஆசையில் ஆமாம் என்பார்கள். காட்ட முடியாவிட்டால் மந்திரி பதவியை விட்டு இறங்கட்டும்!"

"பலே! சரியான பந்தயம்" என்றார் ராஜா.

சோலையப்பர் தாடியைத் தடவிக்கொண்டார். "சம்மதம். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். மகாராஜாவுக்குப் பட்டம் கட்டிய வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும், மகாராஜாவே தம் கையால் ஒரு சட்டை கொடுக்க வேண்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அளவெடுக்க நாளாகுமே?"

"எல்லாரும் ஒரே வயசு. ஒரே அளவு போதும். கணக்கர் பேரனும் அந்த வருஷத்துப் பிள்ளைதான். அவன் அளவில் தைப்போம்."

"என் பேரன் அளவில் தேசமே உடுத்தப் போகிறது!" என்று குபேரலிங்கம் மீசையை முறுக்கினார்.

முதலில் பொன்னாற்றங்கரையில் இருக்கும் ஆற்றுச்சீமைக்குப் போனார்கள். அங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டை கச்சிதமாக இருந்தது. ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு கரட்டுச்சீமைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தது செம்பி என்ற சிறுமி. சட்டை கணுக்கால்வரை தொங்கியது. கைகளைக் காணவே காணோம். ராஜா சிரித்துவிட்டார்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கல்லவா சட்டை? நாலு வயசுக் குழந்தையை ஏன் அழைத்து வந்தாய், அம்மா?"

செம்பியின் தாய் கும்பிட்டாள். "ஏழு முடிஞ்சிருச்சு, மகராசா. உங்களுக்குப் பட்டம் கட்டி வெடி போட்டாங்களே, அந்த வெடிச் சத்தத்துலதான் எனக்கு வலி கண்டுச்சு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அடுத்த பிள்ளை சட்டை தடுக்கி விழுந்தான். அதற்கடுத்தவன் மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"எண்ணுங்கள்!" என்றார் ராஜா. இரண்டு சீமையிலும் ஊர் ஊராக எண்ணினார்கள். ஆற்றுச்சீமையில் பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சட்டை பெரிதாயிருந்தது. கரட்டுச்சீமையில் பத்தில் ஏழு பேருக்கு!

குபேரலிங்கம் அவசரமாக முன்னே வந்தார். "மகாராஜா, இந்தச் சீமைக்காரர்கள் பிறவியிலேயே குள்ளம்! இதற்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை."

"அப்படியா?" என்று சோலையப்பர் கையைத் தட்டினார். கூட்டத்திலிருந்து சடையன், வீரணன் என்று இரண்டு பேர் வந்தார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் சடையன் கரட்டுச்சீமையிலேயே இருந்துவிட்டான். தம்பி வீரணன் கல்யாணமானதும் பிழைப்புத் தேடி ஆற்றுச்சீமைக்குப் போனவன். இருவருக்கும் பட்டம் கட்டிய வருஷத்தில் பிறந்த மகன் உண்டு. அண்ணன் மகன் சட்டைக்குள் முங்கிப்போனான். தம்பி மகனுக்கோ தோளில் பிடித்தது!

"ஒரே ரத்தம், மகாராஜா. இடம் பெயர்ந்த குடும்பங்கள் இன்னும் பல வந்திருக்கின்றன, எல்லாப் பிள்ளைகளையும் பாருங்கள். வாய் பயந்து பொய் சொல்லும். வளர வேண்டிய எலும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்கள் ஆட்சிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே வயசு."

ராஜா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுச் செம்பியிடம் வந்தார். குனிந்து அவள் சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து உத்தரவிட்டார்.

"கண்ணாடி மண்டபம் வேண்டாம். அந்தப் பொன்னில் பொன்னாற்றிலிருந்து இங்கே கால்வாய் வெட்டுங்கள். வெட்டுபவர்களுக்குத் தினக் கூலி தானியமாகக் கொடுங்கள். மண்வெட்டியை யாரும் திருப்பி வாங்கக் கூடாது. குபேரலிங்கம்!"

"பிரபு?"

"இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றீரே. இனி நீரும் இங்கேதான். கஞ்சித்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும். சாப்பாடும் அதிலேதான்."

குபேரலிங்கம் தலைகுனிந்தார். சனங்கள் போட்ட ஆரவாரத்தில் குதிரைகள் மிரண்டன.

"மந்திரி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"வருஷா வருஷம் ஏழு வயசுப் பிள்ளைகளை இப்படி அளந்து, எண்ணி, சபையில் உரக்கச் சொல்ல அனுமதி வேண்டும்."

"என்னைப் புகழ்ந்து பாடிய பிறகுதானே?"

"அதற்கு முன்னால், மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்து ஒப்புக்கொண்டார்.

கால்வாய் வந்தது, கம்பு விளைந்தது. வருஷா வருஷம் பத்தில் ஏழு என்ற அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருஷம் சோலையப்பர் எழுந்து, "கரட்டுச்சீமையும் ஆற்றுச்சீமையும் சமம்!" என்று அறிவித்தபோது, மகிபாலன் ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளிக் குதித்துக் கிரீடத்தையே மேலே வீசினாராம். புகழ்பாட வந்த புலவர்களை அன்றைக்கு ஒருத்தரும் கவனிக்கவில்லை.